உரிமையாளர் பார்வைக்கு அனுமதியில்லை

“எங்க வீட்டை நாங்க பார்க்கணும்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அப்பா பஸ்ஸில் வரும்போது நான்கு தடவை சொல்லியிருந்தார். முதலீட்டாளர் பேரவை அலுவலகத்தின் படியேறும்போது ஐந்தாவது தடவை. “எதை வேணா கேளு பாப்பா. வரி கேளு, வட்டி கேளு, குடிக்கத் தண்ணிகூடக் கேளு. வீட்டைப் பார்க்கணும்னு மட்டும் வாயைத் திறந்துடாத. நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?”

நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

முதலீட்டு ஆலோசகர் பேனாவை மூடி வைத்தார். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு அருகில் கோப்பும் கையுமாகக் காத்திருந்த ஒருவர் எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். ஏதோ தொற்றிக்கொள்ளும் நோயோடு நாங்கள் வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

“யாரும்மா உங்களுக்கு இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் சொல்லித் தரல சார். எங்க வீடு. வாங்கி மூணு வருஷமாச்சு.”

“வீடுன்னு சொல்லாதீங்க. சொத்து.”

“சொத்துதான் சார், சொத்து” என்று அப்பா முந்திக்கொண்டார். “படிச்ச பொண்ணு. அதான் வாய் கொஞ்சம் நீளம்.”

அப்பா சலவைக் கடையில் துணி தேய்ப்பவர். அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள். எங்கள் வம்சத்திலேயே ஒரு படிவத்தை யாரிடமும் கெஞ்சாமல் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். நான் கல்லூரியில் இருந்த காலத்தில்தான் ஒரு விளம்பர வாசகம் அப்பா கண்ணில் பட்டது: ‘நீங்கள் தூங்கும்போதும் உங்கள் சொத்து உழைக்கும்.’ இருபத்திரண்டு வருடங்களாக நின்றுகொண்டே உழைத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. சேமிப்பு, அம்மாவின் நகை, இரண்டு பேர் பெயரிலும் கடன், எல்லாவற்றையும் போட்டு, குடியிருப்பு வாடகை முதலீட்டாளர் பேரவை மூலமாக ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு படுக்கையறை வீடு வாங்கினார். சாவியைப் பேரவையே வைத்துக்கொள்ளும். குடித்தனக்காரரைப் பேரவையே தேடும். நாங்கள் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்.

மூன்று வருடங்களாக மாதத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. ‘இந்த மாதமும் தகுதியான குடித்தனக்காரர் அமையவில்லை. தங்கள் சொத்து தூய்மையாக உள்ளது.’ அப்பா அதைக் கோப்பில் சேர்த்து வைப்பார். “பார்த்தியா, இன்னும் ஒருத்தன் கைகூடப் படல” என்று பெருமையாகச் சொல்வார்.

நாங்கள் இருப்பதோ பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால், இரண்டு அறை வாடகை வீட்டில். போன வாரம் வீட்டுக்காரம்மா வந்து வாடகையை நாற்பது சதவீதம் ஏற்றினாள். முடியாது என்றால் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னாள். எங்களால் ஏற்றிக் கொடுக்க முடியாது. மாதக் கடைசிக்கு இருபத்தாறு நாள் இருந்தது. எங்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு காலியாக இருந்தது. இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆலோசகருக்குத் தெரிந்திருந்தது. பொறுமையாக விளக்கினார். “இங்க பாருங்கம்மா. பார்த்தா பாசம் வரும். பாசம் வந்தா விக்க மனசு வராது, வாடகை ஏத்த மனசு வராது. ஒருத்தர் இப்படித்தான், பால்கனியைப் பார்த்துட்டு வந்து அழுதார். அவர் முதலீடே நாசமாப் போச்சு. இப்ப அங்கதான் குடியிருக்கார்.” கடைசி வாக்கியத்தைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். செத்துப்போனவரைப் பற்றிச் சொல்வது போல.

“நாங்களும் குடியிருக்கத்தான் சார் கேக்கறோம்.”

அவர் அப்பாவைப் பார்த்தார். “சனிக்கிழமை பற்றறுப்புப் பயிற்சி இருக்கு. ரெண்டு பேரும் வந்துடுங்க. பொண்ணை முன் வரிசையில உட்கார வைங்க.”

பயிற்சி பேரவையின் மூன்றாவது மாடியில் நடந்தது. அறுபது பேர் இருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பஸ் ஓட்டுநர்கள், ஒரு பல் டாக்டர், கணவனை இழந்த ஒரு தையல்காரி. எல்லாரும் வீடு வாங்கியவர்கள். ஒருவரும் தங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. பயிற்சியாளர் திரையில் ஒரு வெறும் அறையின் படத்தைக் காட்டி, ஒவ்வொருவராக எழுப்பி, மனதில் என்ன தோன்றுகிறது என்று கேட்டார்.

ஒரு ஆசிரியர், “அந்த ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிச்சா…” என்று ஆரம்பித்தார்.

“உட்காருங்க. இன்னும் ஆறு வகுப்பு வரணும் நீங்க.”

தையல்காரி, “காத்து நல்லா வரும்போல” என்றாள். அவளுக்கு நான்கு வகுப்பு.

அப்பா எழுந்து, முதல் நாள் முழுக்க மனப்பாடம் செய்ததைச் சொன்னார். “சதுர அடி என்ன ரேட் சார்?”

கூடம் கைதட்டியது. அப்பா கூச்சத்தோடு உட்கார்ந்தார். என் முறை வந்தபோது, “இந்த அறையில எங்கம்மா படுத்துத் தூங்கலாம்னு தோணுது” என்றேன். பயிற்சியாளர் என் பெயருக்கு எதிரே எதையோ நீளமாக எழுதினார்.

அடுத்து வாடகை உயர்வு அறிவிப்பு. இது மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் சடங்காம். எந்தெந்தப் பகுதியில் வாடகை எத்தனை சதவீதம் ஏறியது என்று மேடையில் வாசிப்பார்கள். ஏற ஏறக் கைதட்டுவார்கள். பகுதிக்கு ஒருவரை மேடைக்கு அழைத்துக் கேடயம் கொடுப்பார்கள்.

“பழைய மார்க்கெட் பின்பக்கம். நாற்பது சதவீதம்!”

அன்றைக்கு அதுதான் அதிகம். கூடமே எழுந்து நின்றது. அப்பாவும் எழுந்து நின்று தட்டினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“அப்பா, அது நம்ம தெரு.”

“தெரியுது பாப்பா.”

“நம்மளைக் காலி பண்ணச் சொன்ன நாற்பது சதவீதம்.”

“தெரியுதுன்னு சொல்றேன்ல. எல்லாரும் தட்டறாங்க. நாம மட்டும் சும்மா நின்னா நல்லாவா இருக்கும்?”

கேடயம் வாங்க மேடை ஏறியது எங்கள் வீட்டுக்காரம்மா.

டீ இடைவேளையில் அவளே எங்களைத் தேடி வந்தாள். கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். “அடடே, நீங்களும் இங்க மெம்பரா? சொல்லவே இல்லையே! பாரும்மா, நீங்க காலி பண்ணணும்னு எனக்கு ஒண்ணும் ஆசையில்ல. பத்து வருஷமா ஒண்ணாந்தேதி வாடகை வைக்கிற குடும்பம். ஆனா இவங்க வகுப்புல சொல்லிட்டாங்க, பழைய குடித்தனக்காரங்க இருக்கற வீடு பழைய பாத்திரம் மாதிரியாம், மதிப்பு போயிடுமாம்.”

“நீங்க பேரவை மூலமா வாங்கின வீட்டைப் பார்த்திருக்கீங்களா ஆன்ட்டி?” என்றேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “ஒரு தடவை கேட்டேன். ஒம்பது வகுப்பு போட்டுட்டாங்க.”

உரிமையாளராகக் கேட்டால் கிடைக்காது என்று புரிந்தது. குடித்தனக்காரராகக் கேட்கலாமே என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. பேரவையின் விளம்பரத்தில் எங்கள் வீடு இருந்தது. ‘நாலாவது மாடி. குடும்பத்தினருக்கு மட்டும்.’ நாங்கள் குடும்பம்தான். விண்ணப்பப் படிவத்தில் அறுபத்து நான்கு கேள்விகள். அப்பா பெயரில் நானே நிரப்பினேன். ‘வீட்டு உரிமையாளருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு’ என்ற இடத்தில் ‘அவரேதான்’ என்று எழுதினேன். ‘அவரே’ என்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. முப்பது வருடமாக யாரும் அந்தப் படிவங்களைப் படித்திருக்க மாட்டார்கள்.

குடித்தனக்காரர் தேர்வுக் குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார்தான் தலைமை. எதிரே அப்பா, அம்மா, நான். அம்மா இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள்.

“தினமும் சமைப்பீங்களா?” என்றார் இடப்பக்க உறுப்பினர்.

“தினமும் சாப்பிடுவோம் சார்” என்றாள் அம்மா.

அவர் குறித்துக்கொண்டார். “சுவர்ல ஆணி அடிக்கிற பழக்கம்?”

“சட்டை மாட்ட ஒண்ணு” என்றார் அப்பா. உடனே, “அதுகூட வேணாம் சார், கையிலயே வச்சுக்கறோம்” என்றார்.

“வீட்ல வயசானவங்க உண்டா?”

“எனக்குத்தான் சார் ஐம்பத்தாறு.”

“இனிமே வயசாகற உத்தேசம் இருக்கா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, “நாங்களா எதுவும் முடிவு பண்ணல சார்” என்றாள்.

அம்மையார் எங்கள் கோப்பைப் புரட்டிவிட்டு அப்பாவிடம் கேட்டார். “இந்தச் சொத்தோட உரிமையாளரைப் பத்தி உங்க அபிப்பிராயம்?”

அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “நல்ல மனுஷன் மேடம். கொஞ்சம் பயந்த சுபாவம்.”

“நல்லது. உரிமையாளர் மேல மரியாதை இருக்கணும்.” அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். “தப்பா எடுத்துக்காதீங்க. குடித்தனக்காரங்க மேல எங்களுக்கு ரொம்ப மதிப்பு. அவங்க தர்ற வாடகையை நம்பித்தான் இந்தக் கட்டடமே நிக்குது. அவங்க வாடகை கொடுக்கறதுல எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் கிடையாது. ஆனா அவங்க உள்ள வந்து வாழ ஆரம்பிச்சிடறாங்க பாருங்க, அதுதான் பிரச்சினை.”

எட்டாவது நாள் இரண்டு கடிதங்கள் ஒரே தபாலில் வந்தன. இரண்டுமே அப்பாவுக்கு. முதலாவது விண்ணப்பதாரரான அப்பாவுக்கு: ‘தங்கள் தொழில், வருமானம், அன்றாடம் சமைக்கும் பழக்கம், வயதாவது குறித்துத் தெளிவான முடிவின்மை ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு, தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’

இரண்டாவது உரிமையாளரான அப்பாவுக்கு: ‘மதிப்பிற்குரிய முதலீட்டாளரே, மகிழ்ச்சியான செய்தி. தங்கள் சொத்தில் குடியேற முயன்ற தகுதியற்ற குடும்பம் ஒன்றைப் பேரவை உரிய நேரத்தில் கண்டறிந்து தடுத்துவிட்டது. இதற்கான சேவைக் கட்டணம் அடுத்த மாதப் பராமரிப்புத் தொகையில் சேர்க்கப்படும். நிம்மதியாக உறங்குங்கள்.’

அப்பா இரண்டாவது கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தார். பிறகு அதைக் கோப்பில் வைத்தார். முதலாவதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“நல்லாத்தான் கவனிச்சுக்கறாங்க” என்றார். எனக்கு வந்த கோபத்தில் பேரவைத் தலைவரைப் பார்க்க நேரம் கேட்டு எழுதிப் போட்டேன். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணிக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது.

அதற்கு நடுவில் ஒரு நாள் பத்திர நகலை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் அந்தக் கட்டடத்துக்கே போனோம். அப்பாவிடம் சொல்லவில்லை. வாசலில் ஒரு காவலாளி. மேலே நாற்பது வீடு என்றார். ஆள் இருப்பது நாலு வீட்டில். மற்ற ஜன்னல்களில் உள்பக்கமாகச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

“மாசம் ஒரு தடவை ஆள் வந்து தூசி தட்டிட்டுப் போவாங்கம்மா. நேத்துகூட ஒருத்தர் வந்து, ‘தூய்மையா இருக்கு, தூய்மையா இருக்கு’ன்னு எழுதிக்கிட்டே போனார். மாடி ஏறவே இல்ல.” காவலாளி வீட்டுக்காரர்களை ஒருவரைக்கூடப் பார்த்ததில்லையாம். “நீங்கதான் முதல்ல வந்தீங்க. நிஜமாவே வீட்டுக்காரங்களா?” என்று எங்களை மேலும் கீழும் பார்த்தார். அம்மா பத்திர நகலைக் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தார். அதைப் படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா பத்திர நகலை மடித்துப் பையில் வைத்தாள். இறங்கும்போதுதான் கேட்டாள். “அந்தத் தலைவர் உங்க ரெண்டு பேரையும் எவ்வளவு நேரம் உட்கார வச்சுப் பேசுவாரு?”

“ஒரு மணி நேரமாவது பேசுவார்னு நினைக்கிறேன்.”

“போதும்” என்றாள்.

தலைவர் மென்மையான மனிதர். எழுந்து நின்று கை கொடுத்தார். அப்பா கையை இரண்டு தடவை சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். சுவரில் ஒரு பெரிய வரைபடம். காலி வீடுகளுக்குப் பச்சை, ஆள் இருக்கும் வீடுகளுக்குச் சிவப்பு. ஊரே பச்சையாக இருந்தது.

“உங்க கடிதம் படிச்சேன். ரொம்பக் கோபமா எழுதியிருக்கீங்க. இளரத்தம்.” சிரித்தார். “ஏன் காலியா வச்சிருக்கீங்கன்னு கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்வி. குறைஞ்ச வாடகைக்கு விட்டா என்னாகும்? அந்தப் பகுதியோட ரேட்டே விழுந்துடும். காலியா வச்சா வீடு கிடைக்காது. கிடைக்கலன்னாதான் ஏறும். வீடில்லாதவங்க நாலு பேர் அலைஞ்சாதாம்மா வீட்டுக்கு மதிப்பு. எல்லாருக்கும் ஒரு வீடு கிடைச்சுட்டா உங்கப்பா கதி என்ன? அவர் தேய்ச்சுத் தேய்ச்சுச் சேர்த்த காசு என்னாகும்? உங்களை வெளிய நிறுத்தி வச்சிருக்கறது உங்க நல்லதுக்குத்தான்.”

“நாளை மறுநாள் நாங்க தெருவுல நிப்போம் சார்.”

“அதைத்தான் சொல்றேன். அந்த வகையில நீங்களும் பங்களிக்கறீங்க.”

அப்பா தலையாட்டினார். பழக்கதோஷம்.

“சார் எங்க குடியிருக்கீங்க?” என்றேன்.

“வாடகை வீட்லதான். சொந்த வீட்ல இருக்கறவனுக்கு முதலீடு புரியாதும்மா.” அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். “ஆனா நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. ஒரு வழி பண்ணித் தர்றேன். வீடு வாங்க வர்றவங்களுக்குக் காட்ட எங்களுக்கு ஒரு மாதிரிக் குடும்பம் தேவைப்படுது. உங்க சொத்துலயே நீங்க மூணு பேரும் உட்காரலாம். நல்ல துணி உடுத்திக்கிட்டு, சிரிச்ச முகமா. சனி, ஞாயிறு, பத்து மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும். சமையல் கூடாது. சமைக்கிற மாதிரி நிக்கலாம்.”

“ராத்திரி?”

“ராத்திரி யாரும்மா வீடு பார்க்க வருவாங்க?”

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு அந்த வீட்டின் கதவு திறக்கிறது. “மாசத்துக்கு எட்டு நாள் நம்ம வீட்ல இருக்கலாம் பாப்பா” என்று என் காதில் சொன்னார். அந்தச் சந்தோஷம்தான் எனக்குத் தாங்கவில்லை. தலைவர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஆகப் பத்து நிமிடம்.

கதவைத் தட்டாமல் ஆலோசகர் உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது. “சார், மன்னிக்கணும். அந்தக் கட்டடத்துலேருந்து போன். நாலாவது மாடியில யாரோ… யாரோ சமைக்கறாங்க சார்!”

தலைவர் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

“யாரு?”

“எங்கம்மா” என்றேன். “பூட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் பத்து மணிக்கே போயிட்டாங்க. பாத்திரம் படுக்கையெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு.”

அப்பாவுக்கு வாய் திறந்தபடியே இருந்தது. தலைவர் முதன்முறையாக மென்மையை விட்டார். “இது அத்துமீறல். சுத்தமான அத்துமீறல்!” இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். பேனாவையும் திறந்து கொடுத்தார். “உரிமையாளர் கையெழுத்து போட்டாப் போதும். போலீஸை நாங்க பார்த்துக்கறோம். பயப்படாதீங்க, உங்க சொத்தை நாங்க காப்பாத்தறோம்.”

அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமல் இருக்க அவருக்குத் தெரியாது. படிவத்தைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“சார், ஒரு சந்தேகம்” என்றார்.

“கேளுங்க.”

“பத்திரத்துல அவ பேரும் இருக்கு சார். பாதி அவளோடது, பாதி என்னோடது.”

“அதனால?”

அப்பா எழுந்து நின்றார். குரலில் மரியாதை கொஞ்சம்கூடக் குறையவில்லை. “அவ எந்தப் பாதியில நின்னு சமைக்கறான்னு பார்க்காம நான் எப்படி சார் புகார் எழுதறது?”

தலைவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் விதிப் புத்தகத்தைத் தேடினார். மூன்று வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருந்த மனிதர் நிஜமாகவே சந்தேகம் கேட்கிறாரா, வேறு ஏதாவது செய்கிறாரா என்று எனக்கும் தெரியவில்லை. அவர் பேனாவை மூடி, மேசையில் நேராக வைத்தார்.

“நீங்க படிச்சவங்க” என்று தலைவர் என் பக்கம் திரும்பினார். “உட்காருங்க. பேசி ஒரு முடிவுக்கு வருவோம்.”

“முடிவெல்லாம் போன வாரமே ஆயிடுச்சு சார். இன்னிக்கு உங்ககிட்ட வந்தது அப்பா வீட்ல இல்லாம இருக்கணும்னுதான்.”

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்; அப்பாவும் பின்னாலேயே வந்தார். அம்மா மாலை ஆறு மணிக்கு வேலைக்குப் போயாக வேண்டும். அதற்குள் ஜன்னலில் ஒட்டியிருக்கும் காகிதத்தை எல்லாம் ஈரத்துணி வைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும்.